212 எழுதிய வரிகள்

“சார், இந்த 212 யாரு? நான் அவங்களைப் பார்க்கணும்.”

நூலகர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். அந்த நூலகத்தில் புத்தகம் படித்தவர்கள், கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் தங்கள் உறுப்பினர் எண்ணைப் போட்டு ஒரு வரி கருத்து எழுதுவது வழக்கம்.

“ஏம்மா, ஏதாவது வம்பா எழுதிட்டாங்களா?”

“ஐயோ, இல்ல சார். இந்த ஊருக்கு வந்து ஒரு மாசமாச்சு, புத்தகம் பத்திப் பேச ஒரு ஆள் இல்ல. தேனீக்கள் புத்தகத்துல, ‘கதையைவிட இந்த நிஜத்தைத்தான் நம்ப முடியவில்லை’ன்னு எழுதியிருக்காங்க. நான் நினைச்சதும் அதேதான்! டிராகன் கதையில, ‘டிராகன் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம்.’ கையெழுத்துகூட என்னோடது மாதிரியே கோழிக் கிறுக்கல்.”

“இப்ப கையில என்ன?”

“மந்திரக் கோட்டைக் கதை. பாதி படிச்சிருக்கேன். இதுல, ‘அருமை. கடைசி அத்தியாயம் படிக்கத்தான் எனக்கு நாள் இல்லாமல் போய்விட்டது’ன்னு இருக்கு. பாவம், முடிவை நானே போய்ச் சொல்லிடுறேன்.”

“இருங்க, பதிவேட்டைப் பார்ப்போம். ஒரு மாசம் இங்கேயே உட்கார்ந்து படிச்சுட்டீங்க, உங்க கார்டையும் இன்னிக்குக் கொடுத்துடலாம்.”

பதிவேட்டின் கடைசி வரியில் அவர் விரல் நின்றது.

“211 வரைக்கும்தாம்மா உறுப்பினர் இருக்காங்க.”

மேசையில் இருந்த அவளுடைய புது கார்டில் அவர் அடுத்த எண்ணை எழுதினார்.

212.

அவள் கார்டை வாங்கவில்லை. நின்ற இடத்திலேயே கடைசி அத்தியாயத்தைப் பிரித்து, வேகவேகமாகப் படிக்கத் தொடங்கினாள்.