ஒன்றை அழுத்தவும்

மதியம் ஒன்று இருபதுக்குத் திரையில் இருந்த பெயர்களுக்கு எதிரே புதிதாக ஓர் எண் முளைத்தது.

யார் எத்தனை நொடியில் போனை எடுத்தார்கள் என்று காட்டும் எண். நாளைக்குப் பார்வையாளர்கள் வருகிறார்கள், காட்டுவதற்குப் புதிதாக ஏதாவது வேண்டும் என்று மேலாளர் சேர்க்கச் சொன்னது.

வெளியே நாற்பத்து நான்கு டிகிரி. உள்ளே அவள் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வெயில் கண்காணிப்பு அறை அது. நகரத்தில் தனியாக இருக்கும் வயதானவர்களுக்குத் தினமும் மதியம் கணினியே போன் போடும். நலமென்றால் ஒன்றை அழுத்த வேண்டும். உதவி வேண்டுமென்றால் இரண்டை. ஒன்றை அழுத்தினால் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. போனை எடுக்காவிட்டால் சிவப்பு. சிவப்பென்றால் ஆம்புலன்ஸ் கிளம்பும்.

நல்லா இருக்கீங்களா என்று கேட்கும் குரல் அவளுடையது. குரல் கொடுக்க வந்த பெண்ணுக்கு அன்று தொண்டை கட்டிக்கொண்டதால் இவளைப் பேசச் சொல்லிப் பதிவு செய்துவிட்டார்கள்.

அந்தப் பெயர்களில் ஒன்று அவளுடைய அப்பா.

ஐந்தாவது மாடி. தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. கோடை தொடங்கும்போதே, என்னோடு வந்து இருங்கள் என்று போய்க் கூப்பிட்டாள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்றார். அவள் ஒன்று சொல்ல, அவர் ஒன்பது சொல்ல, கடைசியில், இங்கேயே கிடந்து வேகுங்கள் என்று சொல்லிவிட்டு அவள் படி இறங்கினாள்.

அதற்குப் பிறகு பேச்சில்லை.

பேச்சே இல்லை என்றும் சொல்ல முடியாது. தினமும் மதியம் அவள் குரல் நல்லா இருக்கீங்களா என்று கேட்டது. அவர் ஒன்றை அழுத்தினார். புள்ளி பச்சையான பிறகுதான் அவள் டிபன் பாக்ஸைத் திறப்பாள். சண்டை போட்ட காலத்துக்கு முன்புகூட அவர்கள் இத்தனை ஒழுங்காக விசாரித்துக்கொண்டதில்லை.

ஆரம்பத்தில் இரண்டு மூன்று முறை அவர் பெயர் சிவப்பில் வந்தது. போன் அணைந்து கிடந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் மூச்சு வாங்க ஐந்து மாடி ஏறிப் போனால், ஆள் செய்தித்தாளை விசிறியாக்கிக்கொண்டு, யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டாராம். தண்டமாக அலைய விடாதீர்கள் என்று திட்டிவிட்டு வந்தார்கள்.

பிறகு சிவப்பே இல்லை. பொண்ணு குரலுக்குப் பெருசு வழிக்கு வந்துட்டார் என்று பக்கத்து இருக்கைக்காரி கிண்டல் செய்தாள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். நினைக்கப் பிடித்திருந்தது.

இப்போது அவர் பெயருக்கு எதிரே இருந்த எண்ணைத் தேடிப் பார்த்தாள்.

இரண்டு நொடி.

போனை மடியிலேயே வைத்துக்கொண்டு மணி அடிக்கக் காத்திருக்கிறார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது.

பிறகு சிரிப்பு நின்றது.

வீடு பற்றி எரிந்தாலும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் இந்த மனுஷன் வெளியே வருவார் என்று அம்மா சொல்வாள். போன் அடித்தால் முதலில் கண்ணாடியைத் தேடுவார். பிறகு யார் என்று பார்ப்பார். பிறகு எடுக்கலாமா என்று யோசிப்பார்.

கீழே அடுத்தடுத்த வரிகளைப் பார்த்தாள். அதே கட்டடத்தில் இன்னும் நான்கு பேர். எல்லோருக்கும் பச்சை. ஒருவருக்கு இரண்டு நொடி, ஒருவருக்கு மூன்று. நான்காவது மாடியில் பக்கவாதத்தில் படுத்திருக்கும் அம்மாளுக்கும் இரண்டு.

அவள் தன் போனை எடுத்துக்கொண்டு நடைவழிக்கு வந்தாள். சண்டைக்குப் பிறகு முதல் முறையாக அப்பாவின் எண்ணை அழுத்தினாள். ஒரே மணி.

அப்பா என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள், "ஒண்ணு அமுக்கியாச்சும்மா," என்றது வேறொரு குரல்.

கட்டடத்தின் கீழே மருந்துக் கடை வைத்திருப்பவர். மகள் பேசுகிறேன் என்றதும் அவருக்கு ஒரே சந்தோஷம். தினமும் கேட்கிற குரல்தானே, அடையாளம் தெரியாதா என்றார். கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னார். மேலே அந்தத் தகரத்துக்கடியில் போன் கொதித்துப்போய்த் தானாகவே அணைந்துவிடுகிறது. சூடு குறைந்தால்தான் திரும்ப வேலை செய்யும் என்று அதுவே எழுதிக் காட்டுகிறதாம். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து சத்தம் போட்டதில் பெரியவருக்கு மானக்கேடாகப் போய்விட்டது. ஒரு நாள் தானே இறங்கி வந்து, இதை உன் கடையில் வை, மணி அடித்தால் ஒன்றை அமுக்கிவிடு என்று கொடுத்துவிட்டுப் போனார். அவரைப் பார்த்து மற்றவர்களும் கொடுத்தனுப்பினார்கள்.

ஐந்தையும் மருந்து வைக்கிற ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்திருக்கிறாராம். ஏசி காற்று நேராகப் படுகிற இடம்.

"ஒண்ணுகூட இதுவரை அணைஞ்சதில்லம்மா, எல்லாம் ஜில்லுன்னு இருக்கு. அப்பாவைப் பத்தி எங்களுக்கும் கவலை இல்ல. நீங்கதான் தினமும் விசாரிக்கிறீங்களே."

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் திரை தெரிந்தது. புள்ளி பச்சையாகவே இருந்தது.

"அண்ணே," என்றாள். "அப்பாவை நீங்க கடைசியா எப்பப் பாத்தீங்க?"