படுத்துப் பார்த்த லேப்டாப்

“சார், இந்த பெஞ்சுல கொஞ்சம் படுத்துப் பார்க்கலாமா?”

லேப்டாப் கடையில் யாரும் கேட்காத கேள்வி. கேட்டவன் பதிலுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, லேப்டாப்பைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, பெஞ்சில் ஒருக்களித்துப் படுத்தேவிட்டான்.

சூப்பர்வைசருக்குப் பகீரென்றது. வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார். ஆனால், கட்டினால் இவனைத்தான் கட்டுவேன் என்று அவருடைய அக்கா மகள் ஒற்றைக்காலில் நிற்கிறாளே!

காலையில்தான் அவனுடைய போட்டோவை அனுப்பிவிட்டு அவள் போன் செய்தாள்.

“மாமா, அவர் இன்னைக்கு உங்க கடைக்கு லேப்டாப் வாங்க வர்றார். நீங்க யாருன்னு அவருக்குத் தெரியாது. ஆளைப் பார்த்துட்டு அம்மாகிட்ட சொல்லுங்க.”

அவள் வைத்ததும் அக்கா.

“நான் அவன் முகத்துலகூட முழிக்க மாட்டேன். நீ பாரு. நீ சரின்னா சரி. வேண்டாம்னா இத்தோட தலைமுழுகிடணும். அவளும் ஒத்துக்கிட்டா.”

தோளில் தூக்கி வளர்த்த பெண். பையன் நல்லவனாக இருக்கவேண்டுமே என்று மாமா வந்ததிலிருந்து கடை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவன் படுத்துவிட்டான்.

“இதோட ஸ்க்ரீன் சரியில்ல சார். நேரா பார்த்தா பளிச்சுன்னு இருக்கு. படுத்துக்கிட்டுப் பார்த்தா மெரூன் எல்லாம் கருப்பா தெரியுது.”

“உட்கார்ந்து பாருங்களேன். ஊர்ல எல்லாரும் அப்படித்தானே பார்க்கிறாங்க!”

“இல்ல சார், படுத்துத்தான் பார்க்கணும்.”

சொகுசைப் பாருங்கள்! மாமா பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்ததை எடுத்து வைத்தார். அதில் நிறம் மாறவில்லை. அவன் குஷியாகி, தோள்பையிலிருந்து ஒரு டவலை உருவி மடித்து, அதன்மேல் லேப்டாப்பை வைத்து, யாரோ பேசுகிற வீடியோ ஒன்றை ஓடவிட்டான். மறுபடி படுத்து, ஒரு காதைப் பெஞ்சில் அழுத்திக்கொண்டான்.

“சத்தம் அமுங்கிப்போகுது. ஸ்பீக்கர் அடியில இருக்கா சார்?”

“ஆமா. மேஜைமேல வச்சா கணீர்னு கேக்கும்.”

“மெத்தை மேலதான் சார் இருக்கும். கீபோர்டு பக்கம் ஸ்பீக்கர் இருக்கிற மாதிரி காட்டுங்களேன். சத்தம் கம்மியா வச்சாலும் பேச்சு தெளிவா புரியணும்.”

மவுஸ் வாங்க வந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கேஷியர் மாமாவின் காதைக் கடித்தான். “அடுத்து போர்வை இருக்கான்னு கேப்பார் பாருங்க சார்.”

மாமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பெண் பாவம், வேலைக்கும் போய்விட்டு வந்து சமையலும் செய்வாள். இந்த மகாராஜா மெத்தையில் சாய்ந்தபடி படம் பார்ப்பான். நடுநடுவே காபி கேட்பான். சந்தேகமே இல்லை. மாமா போனைக் கையில் எடுத்துக்கொண்டார். அக்காவிடம் ஒரு வார்த்தை, விஷயம் முடிந்தது. ஆனால் அதன்பிறகு அந்தப் பெண் அழப்போகிற அழுகையை நினைத்தால்தான் விரல் நகரவில்லை.

“இதுதான் சார்! இதேதான்!” பெஞ்சில் படுத்தபடியே அவன் குரல் கொடுத்தான். நாலாவது லேப்டாப் அது.

மாமாவால் அதற்குமேல் அடக்க முடியவில்லை.

“தம்பி, கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. இந்த வயசுலயே இப்படிப் படுத்துக் கிடந்தா, நாளைக்குக் கட்டிக்கிட்டு வர்றவ கதி என்ன?”

அவன் திருதிருவென்று விழித்தான். பிறகு எழுந்து உட்கார்ந்து சிரித்தான்.

“ஐயோ, எனக்கில்ல சார்! நான் கட்டிக்கப்போற பொண்ணோட அம்மாவுக்கு. அடுத்த வாரம் முதுகுல ஆபரேஷன். மல்லாந்து படுக்கக்கூடாதாம். ரொம்ப நாளைக்கு ஒருக்களிச்சேதான் கிடக்கணும். அவங்க பொழுதன்னைக்கும் எம்பிராய்டரி வீடியோ பார்ப்பாங்களாம். நூல் கலர் மாறித் தெரிஞ்சா எரிச்சலா இருக்குமில்ல? ஒரு காது வேற தலையணையில அழுந்தியிருக்கும். அதான் நானே படுத்துப் பார்த்துட்டேன்.”

மாமாவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அப்பாடா! கூடவே சுருக்கென்றும் இருந்தது. கூடப் பிறந்த தம்பி, வேலை பார்ப்பதோ லேப்டாப் கடையில். அக்காவின் ஆபரேஷனுக்கு அவர் நினைத்து வைத்திருந்ததெல்லாம் ஒரு பை ஆப்பிள்.

“அந்தம்மாவுக்கு உங்களைப் பிடிக்குமா தம்பி?”

“நீங்க வேற! என் பேச்சை எடுத்தாலே எழுந்து போயிடுவாங்களாம். நான் கொடுத்தா தொடக்கூட மாட்டாங்க.”

“அப்புறம் எப்படிக் கொடுப்பீங்க?”

“அவங்களுக்குத் தம்பின்னா உயிராம். அவர் வாங்கிக் கொடுத்ததா சொல்லிடுன்னு அவகிட்ட சொல்லியிருக்கேன். தம்பி கொடுத்ததுன்னா சந்தோஷமா பார்ப்பாங்க, இல்லையா சார்?”

மாமா கையிலேயே இருந்த போனில் அக்காவைக் கூப்பிட்டார்.

“பார்த்தியாடா? எப்படி?” அக்காவின் குரல் படபடத்தது.

“அக்கா, உன் ஆபரேஷனுக்கு நான் ஒரு லேப்டாப் வாங்கித் தரப்போறேனாம்.”

பெஞ்சில் இருந்தவன் தூக்கிவாரிப்போட்டு எழுந்து நின்றான்.

“நீயா? வாங்கித் தரப்போறியாமா? என்னடா உளர்றே?”

“ஆமாக்கா. எனக்கே இப்பத்தான் தெரியும். எடுத்துக்கிட்டு வர்றது உன் மாப்பிள்ளை. கதவைச் சாத்திடாதே!”