கொள்ளி போட்ட உரிமை

“கையெழுத்துப் போடுங்கோ மன்னி! அண்ணா உயில் எழுதலை, குழந்தையும் இல்லை. கொள்ளி போட்டவன் நான். வீடு எனக்குத்தானே?”

“கொள்ளியா? தகன மெஷின்ல பட்டன் அமுக்கினே!”

கணவர் ஸ்ரீநிவாசனின் பதிமூன்றாம் நாள் சடங்கு முடிந்து முழுசாக ஒரு நாள் ஆகவில்லை. மெட்ராஸிலிருந்து அமெரிக்காவுக்குப் பறந்து வந்த அவர் தம்பி சந்தானம், வீட்டில் தனக்கு உரிமையில்லை என்று அவள் எழுதித்தர வேண்டிய விடுதலைப் பத்திரத்தை ஜலஜா முன்னால் வைத்துத் தட்டினான். அண்ணன் செத்த செய்தி கேட்டதும் அழுதுகொண்டே ஸ்டாம்ப் பேப்பர் வாங்கப் போயிருக்கிறான், பாவி!

“எழுபத்தொன்பதுல வாங்கின வீடு. லோன் கட்ட எட்டு வருஷம் கம்ப்யூட்டர் சிப் கம்பெனியில நைட் ஷிஃப்ட் நின்னேன். தெரியுமா உனக்கு?”

“உங்களை நடுத்தெருவிலயா விடறேன்? இந்த ஃப்ரீமான்ட்ல தனியா என்ன பண்ணப்போறேள்? மாம்பலத்துல எங்களோட வந்து இருங்கோ. என் ஆத்துக்காரிக்கும் சமையலுக்கு ஒத்தாசையா இருக்கும்.”

ஜலஜாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கரண்டி பிடிக்கக் கூப்பிடுகிறான்!

“உயில் இல்லைன்னு அடிச்சுச் சொல்றியே, எப்படித் தெரியும்? அவர் தன் கைப்பட எழுதி, கவர்ல போட்டு ஒட்டி, என்கிட்ட கொடுத்திருந்தார். பீரோ டிராயர்ல இருந்தது. நேத்துலேர்ந்து காணோம்.”

 சந்தானத்துக்கும் கோபம் தலைக்கேறியது.

“ஆமா, நான்தான் எடுத்தேன்! ‘ஜலஜாவுக்கு, என் காலத்துக்குப் பிறகு’ன்னு கவர் மேலயே கொட்டை எழுத்துல இருந்ததே, பிரிச்சு வேற பார்க்கணுமா? ஹோமத்துல போட்டுட்டேன். யார்கிட்ட வேணா போய்ச் சொல்லிக்கோங்கோ!”

அட கிராதகா! அவர் நல்ல கதிக்குப் போக வளர்த்த அக்னியிலா? ஜலஜா பத்திரத்தை நாலாகக் கிழித்து அவன் முகத்தில் எறிந்தாள்.

“கொள்ளி போட்டவனுக்கு வீடுன்னு எந்தச் சட்டத்துலயும் இல்லை. லாயரைக் கேட்டுட்டேன். கல்யாணத்துக்கப்புறம் நாங்க சம்பாதிச்சு வாங்கின வீடு. உயில் எழுதாம புருஷன் போனா, அவரோட பாதியும் பெண்டாட்டிக்குத்தான். கலிஃபோர்னியாவுல அதான் சட்டம்.”

சந்தானம் கிழிந்த துண்டுகளைப் பொறுக்கியபடி கேட்டான்.

“எல்லாம் உங்களுக்குத்தான்னா, அண்ணா எதுக்கு உயில் எழுதணும்?”

“உனக்காகடா! தன்னோட பாதியை உன் பேர்ல எழுதிட்டு, ‘என் காலத்துக்கப்புறம் நீயே தம்பிகிட்ட கொடு’ன்னு என்னை நம்பிக் கொடுத்தார். அந்த ஆத்திரத்துல தினமும் அதைக் கையில எடுப்பேன். கிழிக்கத்தான் எனக்கு மனசு வரலை!”