மாமனாரின் சவரக்கத்தி

"ஒரு கத்திக்குக் கைப்பிடி போட எத்தனை ஞாயித்துக்கிழமைங்க வேணும் உங்களுக்கு?"

அவள் புருஷனைக் கேட்டது நியாயம்தான். அவள் அப்பாவின் முகத்தில் வெள்ளைத் தாடி மண்டிக் கிடந்தது. தினமும் மழமழவென்று சவரம் செய்துகொண்டு தன் தையல் கடைக்குக் கிளம்புகிறவர், இப்போது வாசல் பக்கமே தலைகாட்டுவதில்லை.

கத்தி கை தவறி வாஷ்பேசினில் விழுந்து, கைப்பிடி விண்டுபோயிருந்தது. "சோப்பு வழுக்கிடுச்சு" என்றார் அப்பா.

"குடுங்க மாமா, புதுசு மாதிரி ஆக்கித் தரேன்" என்று வாங்கிப் போனவர்தான் அவள் வீட்டுக்காரர். பாங்க் காசாளர். ஆணி அடிக்கச் சொன்னால் விரலில் அடித்துக்கொள்கிற ஆசாமி.

"வேற ஒண்ணு வாங்கித் தரட்டுமாப்பா?"

"மீசை முளைச்ச நாள்லேர்ந்து இந்தக் கத்திதான். வேற எதுவும் என் மூஞ்சில படாது."

வீட்டுக்காரரோ அசைந்து கொடுக்கவில்லை. உப்புத்தாளை வைத்துத் துருவைத் தேய்த்தார். உடைந்த நாற்காலியின் கையை அறுத்து இரண்டு பட்டையாக இழைத்தார். முதல் ஜோடி விரிசல் விட்டது. அடுத்த ஜோடிக்குள் கத்தி மடங்க மாட்டேன் என்றது. அதற்கடுத்துச் செய்தது கச்சிதமாக உட்கார்ந்தது. எண்ணெய் பூசியதும் மரத்தின் வரிகள் எழும்பி வந்து, அவளுக்கே கோபம் போய்ப் பெருமையாகிவிட்டது.

பெருமை சாயங்காலம் வரைதான் நீடித்தது. பால்கனியில் அவர் ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து வைத்து, அதன் அடிப்பக்கத்தில் கத்தியின் கூர் விளிம்பைச் செங்குத்தாக நிறுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"தீட்டறீங்களா?"

"மழுக்கறேன்."

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. "உங்களுக்கென்ன கிறுக்கா? எங்கப்பா உசிரா வச்சிருக்கிற கத்தி."

"மெதுவா பேசு, மாமா காதுல விழப்போகுது." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவர் காதுக்குக் கீழ வெட்டுக்காயம் பாத்தியா? சோப்பு வழுக்கலைம்மா, கை நடுங்குது. ஊசியில நூல் கோக்கறதுக்கே பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிடறார். நடுங்குதுன்னு நாம வாயைத் திறந்து சொன்னா மனுஷன் உக்காந்துடுவார். இந்தக் கத்தி நுரையை வழிக்கும், தோலைத் தொடாது."

"முடியையும்தான் தொடாது."

"அரைகுறையா இருந்துட்டுப் போகட்டும். கழுத்து தப்பிச்சா சரி."

அவளுக்கு இந்த மனுஷனைப் போய்க் கரித்துக் கொட்டினோமே என்று இருந்தது.

மறுநாள் காலை அப்பா கத்தியைக் கையில் வாங்கி, திறந்து மூடி, மூடித் திறந்து பார்த்தார். "கடையில வாங்கினாக்கூட இப்படி அமையாது மாப்பிள்ளை" என்று பாடிக்கொண்டே குளியலறைக்குள் போனார்.

புருஷனும் பெண்டாட்டியும் கதவுக்கு வெளியே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே சரக் சரக்கென்று சத்தம். வெகுநேரம் ஆயிற்று.

வெளியே வந்தவரின் முகம் உரித்த முட்டையாகப் பளபளத்தது. "பூ மாதிரி வழிக்குது மாப்பிள்ளை" என்று கன்னத்தைத் தடவிக்கொண்டு, அன்றைக்கே கடைக்குக் கிளம்பிவிட்டார்.

அப்பா தலை மறைந்ததும் அவள் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டாள். "மனசு கேக்காம திரும்பத் தீட்டிட்டீங்களா?"

"சத்தியமா இல்ல." அவர் கத்தியைக் கொண்டுவந்து செய்தித்தாளில் இழுத்துக் காட்டினார். தாள் கசங்கியதே தவிர கிழியவில்லை. இருவரும் திருதிருவென்று விழித்தார்கள்.

அப்புறம் தினமும் இதே கூத்துதான். மழுங்கின கத்தி, மழமழ முகம்.

ஒரு நாள் துண்டு கொடுக்கப் போனாள். குளியலறைக் கதவு ஒருக்களித்திருந்தது. அப்பா நாற்காலி மரக் கைப்பிடி போட்ட கத்தியைப் பிடித்து, வெளியே கேட்கட்டும் என்று நுரைமேல் சரக் சரக்கென்று ராஜா மாதிரி இழுத்துக்கொண்டிருந்தார். பிறகு அதைத் துடைத்துப் பத்திரமாக மடித்து வைத்தார். அலமாரியில் மாப்பிள்ளை தனக்கென்று வாங்கி வைத்திருந்த பாக்கெட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ரேசரை எடுத்து, இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மெல்ல வழிக்கத் தொடங்கினார்.

கண்ணாடியில் மகளைப் பார்த்ததும் நுரை முகத்தோடு அசடு வழிந்தார். அவளைக் கிட்டே கூப்பிட்டுக் காதோடு சொன்னார்:

"அம்மாடி, மாப்பிள்ளைகிட்ட மூச்சு விட்டுடாதே. கைப்பிடியை அப்படி இழைச்சு இழைச்சுப் பண்ணினவருக்கு, பாவம், கத்தி தீட்ட மட்டும் வரலை. தெரிஞ்சா மனசு விட்டுடுவார்."