நெஞ்சுக்குள் ஒரு விசில்

"அண்ணே... நிறுத்துங்க... பிள்ளைக்கு... மூச்சு..."

கொட்டும் மழையில் ரோட்டின் நடுவே நின்று கையை நீட்டினாள் கிரேசி. இடுப்பில் மூன்று வயது பிரவீனா, அம்மாவின் தோளில் முகம் புதைத்துச் சிணுங்கிக்கொண்டிருந்தாள். குணாவின் ஆட்டோ சறுக்கிக்கொண்டு வந்து நின்றது.

"ஏறுங்கக்கா! என்ன ஆச்சு பாப்பாவுக்கு?"

"சளி... நேத்துல இருந்து... இப்ப நெஞ்சுக்குள்ள... விசில் அடிக்கிற மாதிரி... சத்தம்..."

விடிந்ததும் பிள்ளையை அணைத்துப் படுத்திருந்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மெல்லிசாக, நீளமாக, மூச்சுக்கு மூச்சு. கிரேசி பதறி எழுந்துவிட்டாள்.

அங்கன்வாடிக்கு வந்த நர்ஸ் சொன்னது நினைவிருந்தது. 'நெஞ்சுல விசில் சத்தம் கேட்டாலோ, நாலு வார்த்தை சேர்ந்தாப்ல பேச முடியாம மூச்சு வாங்கினாலோ, கஷாயம் கொடுத்துப் பாக்கலாம்னு வீட்டுல உக்காந்திருக்காதீங்க. நேரா ஆஸ்பத்திரிக்கு வாங்க.'

புருஷன் ஜோஸ்வா வேலைக்காகப் போர்ட் பிளேயர் போயிருந்தான். கடல் கொந்தளிப்பில் கப்பல் நின்றுபோய், அங்கேயே மாட்டிக்கொண்டான். இந்தத் தீவு ஊரான ஹட் பேயில் அவளுக்கென்று வேறு யாரும் இல்லை.

"மாதாவே... எம்பிள்ளைய... விட்டுராத..."

வளைவு திரும்பியதும் குணா சடாரென்று பிரேக் போட்டான். பெரிய மரம் ஒன்று ரோட்டை மறித்து விழுந்து கிடந்தது. அரிவாளும் கையுமாக நின்றவர்களில் ஒருவர் கத்தினார். "ரோடு பந்த், பாய்! காடி நஹீ ஜாயேகா!"

வண்டி போகாது. ஆஸ்பத்திரியோ மேட்டுக்கு மேலே.

கிரேசி இறங்கினாள். கிளைகளுக்கு அடியில் குனிந்து நுழைந்து, சேற்றில் வழுக்கி, பிள்ளையோடு மேட்டில் ஏறத் தொடங்கினாள். கொஞ்ச தூரத்திலேயே கால் பின்னியது. ஒரு கையை முழங்காலில் ஊன்றிக் குனிந்து நின்றுவிட்டாள்.

"குடுங்கக்கா. நான் தூக்கிட்டு ஓடுறேன்." குணா பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். நாலெட்டு போனவன் நின்றான். பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தான்.

"விசில் சத்தம் ஒண்ணும் கேக்கலியேக்கா."

கிரேசிக்கு உலகமே இருண்டது. சத்தம் நின்றுவிட்டதென்றால் மூச்சும் நின்றுவிட்டது. பாய்ந்து போய்ப் பிள்ளையைப் பிடுங்கித் தன் மார்போடு சேர்த்து இறுக்கினாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

கேட்டது. அதே விசில்.

"இருக்கு... உசுரு இருக்கு... இனி யாருகிட்டயும்... குடுக்க மாட்டேன்..."

குணா எவ்வளவோ கேட்டும் அவள் விடவில்லை. அவன் அவளுடைய முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே மேடேறினான்.

ஆஸ்பத்திரியில் கூட்டம். "ஜரா ஹட்டியே! ஜல்தி கேஸ்!" என்று குணா போட்ட சத்தத்தில் எல்லாரும் விலகினார்கள். கிரேசி டாக்டர் நளினியின் மேஜையில் பிள்ளையைக் கிடத்தினாள். பேச வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. கைகூப்பினாள்.

"பாப்பாவுக்கு மூச்சு முட்டுதாம் டாக்டர்," குணாதான் சொன்னான். "நெஞ்சுல விசில் அடிக்குதாம்."

டாக்டர் பிள்ளையின் சட்டையைத் தூக்கினார். ஸ்டெதஸ்கோப்பை முன்னும் பின்னும் வைத்துக் கேட்டார். விலாவைக் கூர்ந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து கிரேசியைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

அந்த முகத்தைப் பார்த்ததுமே கிரேசிக்கு விளங்கிவிட்டது. நேரம் கடந்துபோயிற்று. நேற்றே கொண்டுவந்திருக்க வேண்டும். துணி காய வைக்கணும், மழை விடட்டும் என்று இருந்துவிட்டாள். பெற்றவளே பிள்ளையைக் கொன்றுவிட்டாள்.

"ஷீலா! நெபுலைசர்! ஆக்சிஜனும் எடுத்துட்டு வா, ஓடு!"

நர்ஸ் ஓடினாள்.

"மழை வந்தா இந்த மாதிரி முன்னாடியும் வந்திருக்கா?" டாக்டர் கேட்டார்.

கிரேசி வெறித்துப் பார்த்தாள். மழைக்காலமென்றால் அந்தச் சின்ன வீட்டில் யார்தான் இருமவில்லை? சுவரெல்லாம் ஈரம், அடுப்பெல்லாம் புகை. தலையை மட்டும் ஆட்டினாள். அவள் உதடுகள் நீலம் பாரித்து நடுங்கின.

"டாக்டர்... எம்பிள்ளைய..."

"பேசாதீங்கம்மா. பயப்படாதீங்க. மருந்து இருக்கு, சரி பண்ணிடலாம்."

ஷீலா மெஷினோடு வந்தாள். ஸ்விட்சைப் போட்டதும் மாஸ்க்கிலிருந்து வெள்ளைப் புகை கிளம்பியது. கிரேசி அதை அவள் கையிலிருந்து பறித்தாள். பிரவீனாவின் குட்டி முகத்தை இழுத்து அதற்குள் அழுத்தப் போனாள்.

டாக்டர் அவள் கையைப் பிடித்துத் தடுத்தார். பின்னாலிருந்த நாற்காலியில் அவளை உட்கார வைத்தார். பிள்ளையைத் தூக்கிக் குணாவிடம் கொடுத்துவிட்டுச் சொன்னார்.

"பாப்பாவுக்கு வெறும் சளிதாம்மா. மாஸ்க் உங்களுக்கு."