துணி காயணும்

துணி பேசுமான்னு சிரிக்காத பூங்கோதை. பேசுச்சு, கேளு. கார் தொடச்ச துணி, புழிஞ்சு போட்டு கொடியில கெடந்துச்சு. ஈரத்தோட டிக்கில திணிச்சா நாறிப்போவும், நாறுனா குப்பைதான். வெயில் இருக்கும்போதே காயணுமேன்னு அதுக்குக் கவலை.

அப்ப பாத்து, பளபளன்னு இருந்த கார் கண்ணாடியில ஒரு காக்கா எச்சம். "நான் பாத்துக்கறேன்"னு கண்ணாடிக்குக் கீழ இருந்து சோப்புத்தண்ணி பீச்சுற சின்னக் குழா கெளம்பிடுச்சு. எங்க நாத்தனா கோமளாவும் இப்படித்தான், அப்பளம் பொரிக்க வந்து அடுப்படியெல்லாம் எண்ணெயாக்கிட்டுப் போவா. அத விடு. சோப்புத்தண்ணி கண்ணாடியத் தாண்டி கூரை, பானெட்டு, கதவுன்னு கோடு கோடா வழிஞ்சுது.

"எப்படி நம்ம வேல?"ன்னுச்சு குழா.

"பிரமாதம்"னுச்சு கண்ணாடி.

டிரைவர் வந்து துணிய மறுபடி உருவினான். தொடச்சு முடிச்சு, சொட்டச் சொட்டக் கொடிக்குத் திரும்புன துணி, "அண்ணே, இனிமே உதவி பண்ணாதீங்க"ன்னுச்சு.

"ரொம்பத்தான் அலுத்துக்கற! நீ காஞ்சு என்னத்தக் கிழிக்கப் போற?"ன்னுச்சு குழா.

துணி வெயில் பக்கமாத் திரும்பிக்கிச்சு.

அடியே பூங்கோதை, தூத்தல் போடுது பாரு! கொடியில கெடக்குற அந்தத் துணிய உள்ள எடுத்துட்டு வாடி!