மாயமாகும் அப்பா

"ஒரு மன்னிப்புன்னா தரேன். மூணெல்லாம் கட்டுப்படியாகாது, டைரக்டரம்மா!"

வசனத்தாளை ஆட்டிக்கொண்டே சொன்னார் அப்பா நடிகர். நாற்பது வருடங்களாக யார் யாருக்கோ அப்பாவாக நடித்தவர். பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. "அந்த அப்பா" என்றால் எல்லோருக்கும் தெரியும்.

இயக்குநர் ஏணி உச்சியில் உட்கார்ந்திருந்தாள். தொடரின் நாயகிக்குப் பறக்கும் சக்தி. இந்தக் காட்சியில் அவள் கூரையை ஒட்டி மிதக்க, கீழே நின்று அப்பா மன்னிப்புக் கேட்கிறார். நாயகிக்கு இன்று வேறு இடத்தில் படப்பிடிப்பு. அப்பா அண்ணாந்து பார்த்துப் பேச ஒரு முகம் வேண்டுமே என்று இயக்குநரே ஏறிவிட்டாள்.

"மூணும் வேணும் சார். இதுல பேரமே கிடையாது."

"சரி, ரெண்டு. ஒரு சொட்டுக் கண்ணீர் கொசுறு."

வசனம் எடுத்துக் கொடுக்கும் அம்மாள் தாளால் வாயை மூடிக்கொண்டாள்.

"அதுக்கில்லம்மா. அப்பனுக்கும் சூப்பர் பவர் குடுத்தீங்க, சந்தோஷம். ஆனா என்ன பவர்? மாயமாகறது! அதை வெச்சு நாலு திருடனையாவது பிடிக்க விட்டீங்களா? பொண்ணுக்குப் பிறந்த நாளா, ஆள் மாயம். ஆஸ்பத்திரியா, மாயம். பெண்டாட்டி வாயைத் திறந்தா, மாயம். பாக்கறவன் என்னைக் காறித் துப்ப மாட்டானா?"

"துப்பறாங்க சார். அதான் சேனல்ல கெடு குடுத்துட்டாங்க. இந்த மன்னிப்புல ஜனங்க மனசு இளகலேன்னா அடுத்த வாரம் அப்பா மாயமாவார். அப்புறம் திரும்பி வரவே மாட்டார்."

அப்பா நடிகரின் முகம் சுருங்கியது. மூன்று வருடம் சும்மா இருந்த பிறகு கிடைத்த வேடம் இது. போய்த் தன் இடத்தில் நின்றார்.

முதல் டேக்கில் மூன்று மன்னிப்பையும் முழுசாகக் கேட்டார்.

"இன்னொண்ணு போலாம் சார். மழை வருமான்னு கேக்கற மாதிரி இருக்கு."

இரண்டாவது டேக்கில் குரலைத் தழைத்தார்.

"பக்கத்து வீட்டுக்காரர் செஞ்ச தப்புக்கு நீங்க மன்னிப்புக் கேக்கற மாதிரி இருக்கு."

ஐந்தாவதில் கண்ணீரே வந்துவிட்டது.

"அழுகை நல்லா இருக்கு. ஆனா விளக்கைப் பார்த்து அழறீங்க. என்னைப் பாருங்க சார்."

"உங்களைப் பாத்தா வசனம் மறந்து போகுதும்மா."

"மறந்தா மறக்கட்டும்."

ஒன்பது, பத்து என்று போனது. கழுத்து வலித்தது. "இவ்வளவு மன்னிப்பு கேட்டிருந்தா எமனே விட்டிருப்பான்" என்று முனகினார். ஆனால் நகரவில்லை.

பதினோராவது டேக். அண்ணாந்து அவளையே பார்த்தார். வசனத்தாள் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கவில்லை.

"மன்னிச்சிடும்மா. உன் பள்ளிக்கூட நாடகத்துக்கு நான் வரலேன்னு நினைச்சுட்டிருக்கே. வந்தேன். கடைசி வரிசையில நின்னேன். நீ மரமா நின்னே. மத்த பசங்க எல்லாம் கத்திக்கிட்டிருந்தாங்க, நீ ஒரு இலை அசைக்கல. உன்னைவிட நல்லா யாருமே நடிக்கல. அதைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டு, விளக்குப் போடறதுக்குள்ள ஓடிட்டேன்."

இயக்குநர் "கட்" சொல்லவே மறந்துவிட்டாள்.

வசனம் எடுத்துக் கொடுக்கும் அம்மாள் பதறிப்போய்த் தாள்களைப் புரட்டினாள். "மேடம், நாடகம், மரம் எதுவுமே இதுல இல்லையே! ஆனா பிரமாதமா இருக்கு. வெச்சுக்கலாமா?"

கேமராமேன் தலையைச் சொறிந்தார். "எதை வெச்சுக்கறது? முதல் டேக்கே அருமைன்னு சைகை காட்டி, அதோட கேமராவை நிறுத்த வெச்சது மேடம்தானே!"

இயக்குநர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நிறுத்தினது எனக்கு அப்பவே தெரியும்" என்றார் அப்பா நடிகர், கழுத்தை நீவிக்கொண்டே. "சாயங்காலம் உங்கம்மா வீட்ல இருப்பாளாம்மா? அவகிட்டயும் கேக்கணும், அங்க எத்தனை டேக் வாங்குமோ!"